சின்னப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு பார்ட்டி ஹால் வேண்டாம், ஈசிஆர் போங்கள்: தட்சிணசித்ராவும் முதலைப் பண்ணையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் மூன்றிலிருந்து எட்டு வயதுக்குள் பிள்ளை இருக்கிறது, இருப்பது சென்னையில், பிறந்தநாள் சனி ஞாயிறை ஒட்டி வருகிறது என்றால், பார்ட்டி ஹாலுக்குக் கொடுக்க எடுத்து வைத்த பணத்தோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில், அதாவது ஈசிஆரில், இரண்டு நாள் குடும்பமாகப் போய்வாருங்கள். பழைய வீடுகளைக் கொண்டுவந்து வைத்திருக்கிற தட்சிணசித்ரா மியூசியத்துக்கு ஒரு நாள், முதலைப் பண்ணைக்கும் மாமல்லபுரத்துக்கும் ஒரு நாள். எங்கள் பாப்பாவின் ஐந்தாவது பிறந்தநாளை இப்படித்தான் கொண்டாடினோம். இரண்டு இடங்களையும் பற்றி விரிவாக எழுதச் சொல்லிச் சொந்தக்காரர்கள் ஆளாளுக்குக் கேட்கிறார்கள், அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன்.

ஹால் ஏன் வேண்டாம் என்று நினைத்தோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். எங்கள் ஏரியாவில் ஒரு ஹாலில் போய் விசாரித்தோம், பெயர் வேண்டாம். குறைந்தது 50 இலைக்குப் பணம் கட்டியாக வேண்டும், வருகிறவர்கள் 30 பேராக இருந்தாலும் சரி. பலூன் வளைவு, டிஜே, புகை, கேக்குக்குப் பின்னால் போட்டோவுக்கு ஒரு திரை, எல்லாம் பேக்கேஜில் உண்டு. கேக் வெட்டும்போது ஸ்நோ ஸ்ப்ரே அடிப்பார்களாம், கேக்கின் மேல் மத்தாப்பு மாதிரி பொறி பறக்கும் மெழுகுவத்தியாம். இரண்டும் ஒன்றாக வேண்டாம் என்றேன். அந்த ஸ்ப்ரே டப்பாவுக்குள் இருக்கும் வாயு தீப்பிடிக்கக்கூடியது, எரிகிற திரி பக்கத்தில் அடித்தால் பிள்ளையின் முகத்தில் தீ பாயும். எல்லாரும் கேட்டு வாங்குவதே அதைத்தானே என்றார் அங்கே இருந்தவர். நீங்கள் ஹாலிலேயே கொண்டாடுவதாக இருந்தாலும் இந்த ஒன்றை மட்டும் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உடைந்த பலூன் துண்டுகளையும் உடனே பொறுக்கிவிடுங்கள், சின்னக் குழந்தைகள் வாயில் போட்டால் தொண்டையை அடைத்துவிடும்.

பாதுகாப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். ஹாலில் பிறந்தநாள் பிள்ளைக்கு என்ன வேலை? கனமான ஃபிராக் போட்டுக்கொண்டு மேடையில் நிற்க வேண்டும், வருகிறவர்கள் எல்லாரோடும் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும், சத்தம் தாங்காமல் பாதியில் அழ வேண்டும். அவள் ஓடவும் முடியாது, எதையும் தொடவும் முடியாது, நினைத்ததைக் கேட்கவும் முடியாது. அவளுடைய நாளில் அவள்தான் அதிகம் செய்ய வேண்டும், நாம் கூட இருந்தால் போதும் என்பதுதான் எனக்கும் அவள் அப்பாவுக்கும் இருந்த ஆசை. இந்த இரண்டு இடங்களுக்கும் நான் மதிப்பெண் போடுவது அந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான்.

இந்த வருடம் அவளுடைய நட்சத்திரப் பிறந்தநாள் சனிக்கிழமையும் தேதிப் பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. என் மாமியாருக்கு நட்சத்திரம்தான் கணக்கு, அவளுக்குத் தேதிதான் கணக்கு, ஆக இரண்டு நாளையும் கொண்டாடுவதில் யாருக்கும் மறுப்பு இல்லை. சனிக்கிழமை காலையில் திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை. ஈசிஆர் கிளம்புகிற இடத்திலேயே இருக்கிற கோயில், நோய் தீர்க்கிற சாமி, பிள்ளைக்கு வேண்டிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான சந்நிதி எனக்குத் தெரியாது. சீக்கிரம் போனால் கூட்டம் குறைவு. அங்கிருந்து இட்லி சாப்பிட்டுவிட்டு நேரே முட்டுக்காடு.

தட்சிணசித்ரா முட்டுக்காட்டில் சாலையை ஒட்டியே இருக்கிறது. காலை 10 மணிக்குத் திறக்கிறார்கள், செவ்வாய்க்கிழமை விடுமுறை. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா பக்கம் இடிபட இருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, தூண் தூணாக, கதவு கதவாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி வைத்திருக்கிற இடம். மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு நடத்துகிறது. டெபோரா தியாகராஜன் என்பவர் தொடங்கியது, மக்களுக்குத் திறந்தது 1996 டிசம்பரில். வளாகத்தின் அமைப்பை வகுத்தவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், அதனால்தானோ என்னவோ மரங்களும் வீடுகளும் ஒன்றையொன்று நெருக்காமல் நிற்கின்றன. மியூசியம் என்று சொன்னால் பிள்ளைகள் முகம் சுளிக்கும், ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டுகிற மியூசியம் இல்லை இது. வீட்டுக்குள் போகலாம், திண்ணையில் உட்காரலாம், முற்றத்தில் ஓடலாம், ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு ஒளிந்து விளையாடலாம். பாப்பாவும் என் அக்கா பையனும் அக்கிரகாரத்து வீட்டுத் திண்ணையில் ஏறி இறங்கி விளையாடியே வெகுநேரம் ஓட்டினார்கள், அவர்களை அங்கிருந்து கிளப்புவதே பெரும்பாடு. ஃபிளாட்டில் பிறந்து வளர்கிற பிள்ளைகளுக்குத் திண்ணை என்ற ஒன்றே புதிது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாமா, மழை வந்தால் என்ன செய்வார்கள், இங்கேயே தூங்கலாமா என்று வரிசையாகக் கேள்வி.

அதற்கெல்லாம் பதில் சொன்னது என் மாமியார். தேவகோட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். செட்டிநாட்டு வீட்டு வாசலைத் தாண்டியதும் அவர் நடையே மாறிவிட்டது. "இது முகப்பு பாத்தா, உள்ள போனா வளவு, அதுக்கும் உள்ள ரெண்டாங்கட்டு, பொம்பளைங்க இருக்கிற எடம்" என்று பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தவர், பர்மாவிலிருந்து தேக்கு கப்பலில் வந்த கதை, முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்பைப் பூசிச் சுவரைப் பளபளவென்று தேய்த்த கதை, கல்யாணத்துக்கு வளவு முழுக்கப் பந்தி போட்ட கதை என்று அரை மணி நேரம் நிறுத்தவே இல்லை. அந்த வீட்டில் நின்றுகொண்டிருந்த வேறொரு குடும்பமும் கூடவே சேர்ந்து கேட்டது. "அப்பத்தா, நீ இந்த வீட்லயா இருந்த?" என்று பாப்பா கேட்க, "இது மாதிரி வீட்டுக்கு விசேசத்துக்குப் போவேன்டி, நம்ம வீடு சின்ன வீடு" என்றார். எத்தனையோ வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், அவர் சின்ன வயதைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எந்த ஹாலிலும் இது நடந்திருக்காது, அங்கே அவருக்கு ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருப்போம்.

பிள்ளைகளுக்கு அடுத்தபடியாகப் பிடித்தது ஆந்திரக் கடற்கரைப் பக்கத்து வட்ட வீடு. மண் சுவர், தாழ இறங்கும் கூரை. ஏன் வட்டமாக இருக்கிறது என்று அக்கா பையன் கேட்டான். மூலை இல்லாததால் புயல் காற்று சுவரில் மோதி நிற்காமல் சுற்றி வழுக்கிப் போய்விடும், கூரை தாழ இருப்பதால் காற்று உள்ளே புகுந்து தூக்காது, அதற்காகத்தான். வருடா வருடம் புயலைப் பார்க்கிற சென்னைப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரிகிறது. கேரளத்தில் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு முழுக்க மரம், நெல் கொட்டி வைக்கும் அறைக்கே அவ்வளவு வேலைப்பாடு. கர்நாடகாவின் இல்கல் நெசவாளர் வீடும் சிக்மகளூர் வீடும் பெரியவர்களுக்குப் பிடிக்கும், சின்னதுகள் அங்கே நிற்காது. எல்லா வீட்டையும் பார்த்தே தீர வேண்டும் என்று பிள்ளையை இழுக்காதீர்கள், அது நிற்கிற வீட்டில் நில்லுங்கள்.

பிறந்தநாளுக்கு இந்த இடத்தைச் சொல்வதற்கு முக்கியமான காரணம் மண்பாண்டம் செய்கிற இடம். தனியாகச் சின்னக் கட்டணம் உண்டு. சக்கரத்தின் முன்னால் பிள்ளையை உட்கார வைத்து, கையைப் பிடித்து, களிமண்ணின் நடுவில் கட்டைவிரலை அழுத்தச் சொல்லித் தருகிறார்கள். மண் தானாக மேலே எழும்பி வாய் விரியும்போது பாப்பா போட்ட சத்தம் இருக்கிறதே! சட்டையெல்லாம் சேறு. அகல் விளக்கு மாதிரி ஒன்று, குட்டிக் கிண்ணம் மாதிரி ஒன்று. சுடாத மண் என்பதால் ஈரம் காயும் வரை பத்திரமாகக் கொண்டு போக வேண்டும், வீட்டிலிருந்து ஒரு பழைய டிபன் டப்பாவும் செய்தித்தாளும் எடுத்துப் போங்கள். மாற்றுத்துணி கட்டாயம். பண்டிகை நாட்களிலும் சனி ஞாயிறிலும் நாட்டுப்புறக் கலைஞர்களின் நிகழ்ச்சி இருக்கும், என்ன நிகழ்ச்சி, எத்தனை மணிக்கு என்று வாசலில் டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவைத்துக்கொள்வது நல்லது. நாங்கள் போன அன்று பறை அடித்தார்கள். டிஜே சத்தத்துக்குக் காதைப் பொத்துகிற பிள்ளை பறைக்கு முன்னால் போய் நின்று ஆடியது.

சாப்பிட வளாகத்துக்குள்ளேயே உணவகம் இருக்கிறது. உள்ளே கைவினைப் பொருள் கடைகளும் உண்டு. வந்திருந்த பிள்ளைகளுக்கு ரிட்டர்ன் கிஃப்டை அங்கேயே வாங்கிவிட்டோம்: அரக்குச் சாயம் ஏற்றிய மரப் பம்பரம், பனையோலைக் கிலுகிலுப்பை. வழக்கமாகக் கொடுக்கிற பென்சில் பாக்ஸை விட இது எவ்வளவோ மேல், இன்னும் விளையாடுகிறார்கள். மற்றபடி தரை மண்ணும் கல்லும்தான், குழந்தைத் தள்ளுவண்டி தோதுப்படாது. மூட்டு வலி உள்ள பெரியவர்கள் இருந்தால் காலையிலேயே போய், வெயில் ஏறியதும் ஏதாவது ஒரு வீட்டின் முற்றத்து நிழலில் உட்கார்ந்துவிடலாம். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை சுகம். ஏப்ரல், மே என்றால் மதியம் மூன்றுக்கு மேல் போங்கள்.

இரவு தங்கியதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈசிஆரில் வாடகைக்கு விடும் கடற்கரை வீடு ஒன்று, பெயர் சொல்லப் போவதில்லை. படத்தில் அழகாக இருந்த நீச்சல் குளத்தைச் சுற்றி வேலியும் இல்லை, கதவும் இல்லை, ஹாலிலிருந்து நேரே தண்ணீரில் போய் முடிகிறது. குழந்தைகளோடு வருகிறோம் என்று போனிலேயே சொல்லியிருந்தோம். அன்று இரவு முழுக்கப் பெரியவர்களில் ஒருவர் மாற்றி ஒருவர் அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். நாங்களே கொண்டுபோன கேக்கை வெட்டுவதற்குத் தனிக் கட்டணம் வேறு கேட்டார்கள். கடற்கரை வீடு எடுக்கிறவர்கள் குளத்துக்கு வேலி இருக்கிறதா, அறைக்கும் குளத்துக்கும் நடுவில் பூட்டுகிற கதவு இருக்கிறதா என்று படம் அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். கடலும் அப்படித்தான். இந்தக் கரை முழுக்க இழுப்பு அதிகம், கால் நனைப்பதற்கு மேல் பிள்ளைகளை இறக்கவே இறக்காதீர்கள். ஊரிலிருந்து வருகிறவர்கள்தான் தங்க வேண்டும். நகரத்துக்குள் இருப்பவர்கள் சனிக்கிழமை இரவு வீட்டுக்குத் திரும்பி ஞாயிறு காலை மறுபடி கிளம்பலாம், அடுத்த முறை நாங்களும் அப்படித்தான் செய்வோம்.

ஞாயிறு காலை எழுந்ததும் பால் பாயசம், கேக், அப்புறம் நேரே வடநெம்மேலி முதலைப் பண்ணை. முட்டுக்காட்டைத் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில் இடது கைப் பக்கம், மாமல்லபுரத்துக்குச் சுமார் 14 கிலோமீட்டர் முன்னால். திங்கட்கிழமை விடுமுறை. 1976இல் பாம்பு, முதலை ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேகரும் அவர் குடும்பமும் நண்பர்களும் தொடங்கியது. அப்போது இந்தியாவில் முதலை இனங்கள் மூன்றுமே தோலுக்காக வேட்டையாடப்பட்டு அழிவின் விளிம்பில் இருந்தன. சதுப்பு முதலை, உப்புநீர் முதலை, கரியால் மூன்றையும் காப்பாற்றிப் பெருக்கி, பல மாநிலங்களுக்கும் கொடுத்து ஆறுகளில் விட வைத்தார்கள். வேடிக்கை காட்டுவதற்காகக் கட்டிய இடம் இல்லை இது, ஆராய்ச்சிக்கும் பாதுகாப்புக்கும் கட்டிய இடம். டிக்கெட் காசு எங்கே போகிறது என்று பிள்ளைக்குச் சொல்ல முடிகிற இடம் என்பதே எனக்கு நிறைவு.

இடம் சின்னதுதான், நல்ல மர நிழல். வண்டலூர் மாதிரி நடந்து நடந்து பிள்ளை களைத்துத் தோளில் ஏறிக்கொள்ளாது. உள்ளே நுழைந்து கொஞ்ச தூரத்திலேயே சதுப்பு முதலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த மாதிரி கிடக்கின்றன. வாயைத் திறந்தபடி அசையாமல் கிடப்பதைப் பார்த்து பொம்மையா என்று கேட்காத பிள்ளையே கிடையாது. முதலைக்கு வியர்க்காது, வாயைத் திறந்து வைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது என்று சொன்னதும் பாப்பாவும் வாயைத் திறந்துகொண்டு நடந்தாள். கரியால் தொட்டி எனக்குப் பிடித்தது: நீண்டு மெலிந்த மூக்கு, மீனை மட்டுமே பிடிக்கத் தோதான பல்வரிசை, ஆணுக்கு மூக்கு நுனியில் குடம் கவிழ்த்தது போல ஒரு புடைப்பு. ஆல்டாப்ரா ராட்சத ஆமையின் முன்னால் சின்னதுகள் எல்லாம் குந்தி உட்கார்ந்துவிடும், அதுவும் அவசரப்படாது, அவர்களும் அவசரப்படமாட்டார்கள்.

ஆனால் பிறந்தநாளன்று அவளுக்குச் சொல்லத் தோதாக எனக்குக் கிடைத்தது முதலைக் குட்டி பிறக்கிற கதைதான். தாய் மணலில் குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டு, ஏறக்குறைய இரண்டு மாதம் பக்கத்திலேயே காவல் இருக்கும். முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதை அந்த மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. பொரியும் நேரம் வந்ததும் குட்டிகள் முட்டைக்குள் இருந்தபடியே குரல் கொடுக்கும், தாய் அந்தச் சத்தம் கேட்டு மண்ணைத் தோண்டி, அத்தனை பல் இருக்கிற வாயில் குட்டிகளை மெல்லக் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோகும். இதைச் சொல்லி முடித்ததும் "நான் கத்துனப்ப நீ வந்தியாம்மா?" என்று கேட்டாள். வந்தேன் என்றேன். அவள் பிறந்த அன்று என்ன நடந்தது, யார் யார் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தார்கள் என்று அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து முழுக்கச் சொன்னோம். என் அம்மாவும் மாமியாரும் ஆளுக்கு ஒரு பகுதியாகச் சொன்னார்கள், யார் முதலில் தூக்கியது என்பதில் இன்றைக்கும் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை.

அதே வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 1978இல் தொடங்கியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலும்தான் நம் நாட்டில் அதிகம் பேரைக் கடித்துக் கொல்பவை என்பதால், அவற்றின் விஷத்தை எடுத்து விஷமுறிவு மருந்து தயாரிக்கக் கொடுக்கிறார்கள். விஷம் எடுப்பதை எல்லா நாளும் எல்லா நேரமும் காட்டுவதில்லை, விசாரித்துவிட்டுப் போங்கள். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு இது மறக்காது. மூன்று வயதுக்கு வேண்டாம், பயந்துவிடும். பண்ணையில் ஒரு விலங்கைத் தத்தெடுத்து அதன் தீனிக்குப் பணம் கட்டுகிற திட்டமும் உண்டு. பிறந்தநாளுக்கு என்ன வாங்கித் தரட்டும் என்று கேட்கிற மாமா, சித்திகளிடம் இதைச் சொல்லுங்கள், இன்னொரு பேட்டரி காருக்கு இது எவ்வளவோ தேவலை. முதலைகளின் மேல் கல், காசு, பாட்டில் எதுவும் போடக்கூடாது என்பதை உள்ளே நுழையும் முன்பே பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், அசைகிறதா என்று பார்க்க எறிகிறவர்களில் பெரியவர்களும் உண்டு.

மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மாமல்லபுரம். வெயில் தாழ்ந்து நாலு மணிக்கு மேல் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அப்புறம் வெண்ணெய் உருண்டைப் பாறை. தொல்லியல் துறை டிக்கெட் இந்தியர்களுக்கு 40 ரூபாய், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். ஐந்து வயதுக்குச் சிற்பமெல்லாம் பெரிதாக ஒட்டாது. பாறையைத் தள்ளுகிற மாதிரி போட்டோவும், பக்கத்துச் சரிவில் வழுக்கி விளையாடுவதும்தான். அது போதும், இரண்டு நாளுக்கு ஏற்கனவே நிறைய ஆகிவிட்டது. முட்டுக்காடு படகுத்துறையை நாங்கள் விட்டுவிட்டோம், அதையும் சேர்த்தால் பிள்ளைகள் தாங்காது.

செலவைப் பொறுத்தவரை, வண்டி வாடகை, டிக்கெட், சாப்பாடு, தங்கல் எல்லாம் சேர்த்தும் ஹாலில் சொன்ன தொகையைவிடக் குறைவாகத்தான் ஆனது. தங்காமல் போய்வந்தால் இன்னும் நன்றாகக் குறையும். கார் இல்லாதவர்களுக்கும் கஷ்டம் இல்லை, திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போகிற பேருந்துகள் இரண்டு வாசலையும் தாண்டித்தான் போகின்றன. ஞாயிறு மாலை திரும்பும்போது ஈசிஆரில் வண்டிகள் நகராது, ஐந்தரைக்குள் மாமல்லபுரத்தை விட்டுக் கிளம்பப் பாருங்கள்.

அலுவலக நண்பர்கள், அக்கம்பக்கம், பள்ளித் தோழர்கள் என்று 60 பேரைக் கூப்பிட வேண்டிய கட்டாயம் இருக்கிறவர்களுக்கு இது சரிவராது. குடும்பம் மட்டும், கூடிப்போனால் 12 பேர், அதற்கு மேல் போனால் பிள்ளைகளை எண்ணுவதே வேலையாகிவிடும். வகுப்புப் பிள்ளைகளுக்கு நாங்கள் திங்கட்கிழமை ஆளுக்கு ஒரு எள்ளுருண்டையும் கடலை மிட்டாயும் கொடுத்தனுப்பினோம், டீச்சரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டுதான், ஏனென்றால் வேர்க்கடலையும் எள்ளும் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருப்பார்கள்.